அம்மம்மாமாரின் இரத்தமும் ஆய்வாளர்களின் கடனும்

2012 ஆம் ஆண்டு. விசுவமடுப் பக்கம் ஒரு தற்காலிகக் கொட்டில். மீள்குடியேறிய குடும்பங்கள் பற்றிய ஆய்வொன்றுக்குத் தகவல் திரட்டப் போயிருந்தேன். அப்போது எனக்கு அது நாட்சம்பள வேலை. கையில் 14 பக்கப் படிவம். எதிரே இருந்த அம்மாவின் மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை.

“இதோட ஏழாவது தரம் தம்பி. எழுதிக்கொண்டு போறவை ஒருத்தரும் திரும்பி வந்து என்ன நடந்தது எண்டு சொன்னதில்லை” என்றார். இருந்தும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். கடைசியில், நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். மகன் பத்து வயதில் சைக்கிளால் விழுந்து மேல் முன்பல்லில் பாதி உடைந்துவிட்டது. சிரித்தால் அது தெரியும்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ஓரத்தில் எழுதியவை எதுவும் கணினியில் ஏறவில்லை. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அந்த அம்மா அதில் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிப் போனார். திரும்பிப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அந்த ஆய்வை நடத்தியவர்களும் போகவில்லை.

செம்மணியில் 2025 இல் மீண்டும் மண் கிளறப்பட்டதிலிருந்து பலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். எலும்பிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் இரத்தத்தை எடுத்தால் யார் வைத்திருப்பார்கள்? பல்கலைக்கழகக்காரரை நம்பலாமா? இவற்றுக்கு விடை தேடும்போது நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் நாடு ஆர்ஜென்டீனா. அங்கே ஆய்வாளர்கள் பாதிக்கப்பட்டவர்களைத் தேடி வரவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களே ஆய்வாளர்களைத் தேடிப் போனார்கள். எல்லா வித்தியாசமும் அங்கேதான் தொடங்குகிறது.

பத்திரிகைத் துணுக்கில் பிறந்த கேள்வி

1976 மார்ச் 24 அன்று ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசெம்பர் வரை அந்த ஆட்சி நீடித்தது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 8,961 பேர் காணாமலாக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. உண்மையான தொகை 30,000 என்கின்றன மனித உரிமை அமைப்புகள். பிடிக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிப் பெண்களும் இருந்தார்கள். தடுப்பு முகாம்களில் அவர்களைப் பிரசவிக்க விட்டு, பின்னர் கொன்றார்கள். குழந்தைகளைப் படையினரின் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். இப்படிப் பறிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர்.

1977 ஏப்ரலில் தாய்மார் தலைநகர் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், பேரப்பிள்ளைகளையும் தேட வேண்டியிருந்த 12 பெண்கள் தனி அமைப்பாகச் சேர்ந்தார்கள். இவர்களே ‘மே சதுக்கத்தின் பாட்டிமார்’. எங்கள் வழக்கில் சொன்னால், அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும்.

அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பறிபோன குழந்தையை ஒருநாள் கண்டாலும், அது தங்கள் பேரப்பிள்ளை என்று எப்படி நிரூபிப்பது? முகம் தெரியாது, பெயர் மாற்றப்பட்டிருக்கும், பிறப்புச் சான்றிதழ் பொய்யானது. பெற்றோர் உயிரோடு இல்லை. அப்போதுதான் ஒரு பத்திரிகைத் துணுக்கு அவர்கள் கண்ணில் பட்டது. ஒரு குழந்தையின் தந்தை யார் என்பதை இரத்தப் பரிசோதனை மூலம் தீர்மானித்த செய்தி அது. பெற்றோரின் இரத்தத்தால் முடியுமென்றால், பாட்டன் பாட்டியின் இரத்தத்தால் முடியாதா?

இந்தக் கேள்வி எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறக்கவில்லை. பிள்ளைகளை இழந்த பெண்களிடம் பிறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக ஆய்வுகூடங்களுக்குப் போனார்கள். பல இடங்களில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. 1982 இல் அமெரிக்காவுக்குப் போன சிச்சா மரியானியும் எஸ்தெலா தெ கார்லொத்தோவும், நியூயோர்க்கில் நாடு கடந்து வாழ்ந்த ஆர்ஜென்டீன மரபியல் வைத்தியர் விக்தோர் பென்சஸாதேயைச் சந்தித்தார்கள். அவர் தனக்குத் தெரிந்த விஞ்ஞானிகளிடம் கேள்வியைக் கொண்டுபோனார். அது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இருந்த மேரி கிளெயார் கிங் என்ற மரபியலாளரிடமும் வந்து சேர்ந்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு எந்த இடத்தில் உள்ளது என்பதை 1990 இல் காட்டியவரும் இவரே.

இரத்தம் எப்படிச் சாட்சி சொல்கிறது?

முதலில் பயன்பட்டது டி.என்.ஏ அல்ல. வெள்ளைக் குருதிக் கலங்களின் மேற்பரப்பில் சில அடையாளங்கள் உண்டு. சிறுநீரகம் மாற்றும்போது வைத்தியர்கள் பொருத்தம் பார்ப்பது இவற்றைத்தான். ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும் இந்த அடையாளங்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. பெற்றோர் இல்லாவிட்டால், அந்தப் பக்கத்துப் பாட்டன் பாட்டியிடம் அவற்றைத் தேடலாம். இந்தப் பிள்ளையிடம் உள்ள அடையாளங்கள் இந்த நால்வரின் வழியாக வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு, ஊரில் வேறு யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கு ‘பாட்டிச் சுட்டெண்’ என்று அழைக்கப்பட்டது.

1984 டிசெம்பரில் அது நீதிமன்றத்தில் பலித்தது. பவுலா லொகாரெஸ் 1978 இல், இரண்டு வயது நிரம்ப முன், பெற்றோருடன் உருகுவேயில் வைத்துக் கடத்தப்பட்டவர். அவரை வளர்த்துவந்தவர் ஒரு முன்னாள் பொலிஸ் அதிகாரி. தன் சொந்த மகள் என்று பதிந்திருந்தார். இரத்தப் பரிசோதனையின் துணையோடு நீதிமன்றம் பவுலாவை அவருடைய அம்மம்மாவிடம் ஒப்படைத்தது.

ஆனால் பல குடும்பங்களில் நான்கு பாட்டன் பாட்டிமாரும் உயிரோடு இல்லை. அடுத்த கட்டமாக கிங் கையில் எடுத்தது, கலங்களில் சக்தியை உண்டாக்கும் இழைமணியில் இருக்கும் டி.என்.ஏ. இது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும். மகன்மாருக்கும் அது இருக்கும்; ஆனால் அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அம்மம்மா, தாய்மாமன், பெரியம்மா, சின்னம்மா ஆகிய யாரிடமிருந்தும் அதே டி.என்.ஏயைப் பெறலாம். அப்பம்மாவிடமிருந்து பெற முடியாது. ஒரு கலத்துக்குள் இதன் பிரதிகள் ஏராளமாக இருப்பதால், மண்ணில் நெடுங்காலம் கிடந்த எலும்பிலும் பல்லிலும் தப்பியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரே தாய்வழியில் வந்த பலருக்கு இது ஒன்றாகவே இருக்கும். ஆகையால் இதை மட்டும் வைத்து ‘இவர்தான்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. கலக்கருவில் உள்ள டி.என்.ஏயையும் ஒப்பிட வேண்டும். அதற்குத் தாய், தந்தை, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரின் மாதிரிகள்தான் பலம். ஒருவரின் மாதிரியை விட இருவர் மூவரின் மாதிரி நல்லது. பெற்றோர் இறந்துபோனால் வேலை கடினமாகும். அதனால்தான் 1987 இல் ஆர்ஜென்டீனப் பாராளுமன்றம் தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டத்தால் அமைத்தது. பாட்டிமார் தம் இரத்தத்தை அங்கே கொடுத்துவைத்தார்கள். தாம் இறந்த பிறகு பேரப்பிள்ளை தேடி வந்தாலும் இரத்தம் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

மண்வெட்டியோடு வந்த மாணவர்கள்

இறந்தவர்களைத் தேடுவது இன்னொரு வேலை. இராணுவ ஆட்சி முடிந்ததும் நீதிபதிகளின் உத்தரவில் சுடலைகளைத் தோண்டத் தொடங்கினார்கள். சில இடங்களில் இயந்திரம் கொண்டு அள்ளினார்கள். எலும்புகள் உடைந்தன, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது. தடயம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இதைப் பார்த்து உதவி கேட்டவர்களும் குடும்பங்கள்தான்.

1984 யூனில் அமெரிக்காவிலிருந்து ஒரு விஞ்ஞானிகள் குழு வந்தது. கிங்கும், எலும்பு வாசிப்பதில் பேர்போன கிளைட் ஸ்னோவும் அதில் இருந்தார்கள். உடனே தோண்டுவதை நிறுத்துங்கள் என்றார் ஸ்னோ. முறையாகத் தோண்ட ஆட்கள் வேண்டும். அனுபவமுள்ள தொல்லியலாளர்கள் தயங்கினார்கள். இராணுவம் திரும்பி வருமோ என்ற பயம் தீராத காலம் அது. முன்வந்தவர்கள் மானிடவியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த ஒரு சில மாணவர்கள். பத்திரீசியா பெர்னார்தி, மெர்சிடிஸ் தொரெத்தி, லூயிஸ் பொந்தெபிரைடர் ஆகியோர் அவர்களில் சிலர். மொழிபெயர்ப்பாளராக வந்துசேர்ந்த மருத்துவ மாணவர் மொறிஸ் டிட்போல் பின்ஸ், 2021 முதல் சட்டவிரோதக் கொலைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்.

இந்த மாணவர் கூட்டமே ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் குழுவாக வளர்ந்து, பின்னர் பல நாடுகளின் புதைகுழிகளில் வேலை செய்தது. 1997 இல் பொலிவியாவில் சே குவேராவின் எலும்புகளை அடையாளம் கண்டதிலும் இவர்களுக்குப் பங்குண்டு.

அவர்கள் வேலை செய்த விதம் எங்களுக்கு முக்கியம். மண்வெட்டிக்கு முன் குறிப்புப் புத்தகம் வரும். முதலில் குடும்பங்களுடன் இருந்து பேசுவார்கள். எந்த முகாமில் கடைசியாகக் கண்டார்கள், யார் கண்டார்கள், ஆள் எவ்வளவு உயரம், எந்தக் கையால் எழுதுவார், எலும்பு முறிந்ததுண்டா, பல் கட்டியதுண்டா என்று கேட்டு எழுதுவார்கள். சுடலைப் பதிவேடுகளில் ‘பெயர் தெரியாதவர்’ என்று பதிந்த உடல்களின் திகதிகளோடு அதை ஒப்பிடுவார்கள். குடும்பத்தினர் தோண்டும் இடத்துக்கு வரலாம், கேள்வி கேட்கலாம். முடிவு வந்தால் குடும்பத்துக்கு நேரில் சொல்வார்கள். எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் விளக்குவார்கள்.

பாட்டிமார் அமைப்பின் தலைவி எஸ்தெலாவின் மகள் லவுரா 1978 இல் கொல்லப்பட்டார். அவருடைய உடல் 1985 இல் தோண்டி ஆராயப்பட்டபோது, அவர் ஒரு குழந்தையைப் பெற்றிருந்தார் என்பதற்கான அடையாளத்தை இடுப்பெலும்பு காட்டியது. தனக்கு ஒரு பேரப்பிள்ளை உண்டு என்பதற்கு எலும்பே அந்தத் தாய்க்குச் சாட்சி சொன்னது. அந்தப் பேரன் 2014 ஓகஸ்டில் கிடைத்தார். தன் பிறப்பில் சந்தேகம் கொண்டு தானாகவே பரிசோதனைக்கு வந்தவர் அவர். 2025 யூலை வரை இப்படி 140 பேர் தம் உண்மையான அடையாளத்தைப் பெற்றிருக்கிறார்கள்.

தாய்மாரை முதலில் கூட்டிய அசுசேனா விய்யாஃப்லோரும் 1977 டிசெம்பரில் கடத்தப்பட்டவர். கடற்கரையில் ஒதுங்கிய அவருடைய உடலைப் பெயர் தெரியாதவர் என்று புதைத்திருந்தார்கள். 2005 இல் இந்தக் குழு அவரை அடையாளம் கண்டது. அவருடைய சாம்பல் அதே மே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

எல்லோரும் உடன்படவில்லை

இதை மறைத்து எழுதினால் நேர்மையாகாது. ‘உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு தாருங்கள்’ என்பதே மே சதுக்கத் தாய்மாரின் கோரிக்கை. எலும்பை ஏற்றுக்கொண்டால் கேள்வி முடிந்துவிடும், கொன்றவர்கள் தப்பிவிடுவார்கள் என்று ஒரு பகுதியினர் நம்பினார்கள். அகழ்வை எதிர்த்தார்கள். 1986 இல் தாய்மார் அமைப்பு இரண்டாகப் பிரிந்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

தடயவியல் குழு அவர்களோடு வாதாடி வெல்ல முயலவில்லை. விரும்பிய குடும்பங்களுக்கு வேலை செய்தது. வேண்டாம் என்றவர்களின் உரிமையை மதித்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தெருவோரம் இருந்துவரும் எங்கள் தாய்மாரிடமும் இந்த இரண்டு மனமும் உண்டு. மரணச் சான்றிதழை வாங்க மறுக்கும் தாய்க்கு விஞ்ஞானம் விளங்காது என்று நினைப்பவர், அவரோடு பேசத் தகுதியற்றவர்.

விஞ்ஞானம் நீதியை உடனே கொண்டுவந்துவிடும் என்பதுமில்லை. 1985 இல் ஸ்னோ நீதிமன்றில் சாட்சி சொன்னார். ஆட்சித் தலைவர் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் 1986, 87 இல் வந்த சட்டங்கள் மேலதிக வழக்குகளைத் தடுத்தன. 1990 இல் விதேலாவுக்கு மன்னிப்பும் கிடைத்தது. அந்தச் சட்டங்களில் ஓர் இடைவெளி இருந்தது. குழந்தைத் திருட்டுக்கு அவை பொருந்தவில்லை. வங்கியில் இருந்த இரத்தமும் கோவையில் இருந்த குறிப்புகளும் அந்த ஆண்டுகளில் காத்திருந்தன. 2005 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. 2012 இல், குழந்தைகளைத் திட்டமிட்டுப் பறித்த குற்றத்துக்காக விதேலாவுக்கு 50 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அரசியல் மாறும்வரை ஆதாரம் பழுதாகாமல் இருந்தது. ஆய்வாளர்கள் அந்த மக்களுக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

எங்கள் மண்ணில்

மன்னார் சதொச வளாகத்தில் 2018 இல் அகழ்வு தொடங்கி, 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் சோமதேவ அந்த அகழ்வில் பங்கேற்றார். புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய சில மாதிரிகளின் காபன் பரிசோதனை, அவை 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டவை என்றது. பல குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. முடிவு சரியா பிழையா என்பது ஒரு பக்கம். எந்த எலும்பிலிருந்து மாதிரி எடுத்தார்கள், ஏன் அத்தனை மட்டும், அந்தப் பரிசோதனையால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை ஊர் மக்களோடு இருந்து விளக்க ஒரு முறை இருந்திருந்தால், அந்த முடிவு மக்களிடம் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது புதைகுழி வெளிப்பட்டது. 52 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. செம்மணியில் 1999 இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போது எலும்புகள் வெளிப்பட, அகழ்வு தொடங்கி, அதே ஆண்டு செப்ரெம்பருக்குள் எண்ணிக்கை 200 ஐத் தாண்டியது. சிறுவர்களுடையவையும் அவற்றில் இருந்தன. நீலப் புத்தகப்பை, பொம்மை, பாதணிகள் போன்றவை 2025 ஓகஸ்ட் 5 அன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பொருளை வைத்து ஆளைத் தேடும் அந்த முயற்சியில் மக்களும் ஆய்வின் பங்காளிகள் ஆனார்கள். அந்தக் கதவு ஒருநாளோடு மூடப்படக்கூடாது.

காணாமல் போனோர் அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. அதை நம்பாதவர்கள் பலர். அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆனால் போராட்டக் கொட்டகையில் இருந்தபடியே நூற்றுக்கணக்கான பெற்றோர் கண்ணை மூடிவிட்டார்கள். ஒவ்வொருவரோடும் ஒரு மரபணு மாதிரியும், யாரும் எழுதாத ஞாபகமும் போய்விட்டன. இதைத்தான் எங்கள் பல்கலைக்கழகங்கள் முதலில் நினைக்க வேண்டும். மருத்துவம், தொல்லியல், சட்டம், கணினி, சமூகவியல் எல்லாம் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆர்ஜென்டீனாவில் தொடங்கியவர்களும் மாணவர்களே.

குடும்பங்கள் செய்யக்கூடியது

அகழ்வும் பரிசோதனையும் அரசின் கையில். ஆனால் ஞாபகம் எங்கள் கையில். ஒரு கொப்பியில் இவற்றை எழுதி வையுங்கள். வயது, உயரம், எந்தக் கைப் பழக்கம். முறிந்த எலும்பு, உடைந்த அல்லது கழற்றிய பல், செய்த சத்திரசிகிச்சை. உடலில் தங்கிய செல் துண்டு எந்த இடத்தில், செயற்கைக் கால் எந்தக் கால். கடைசியாகக் கண்ட இடம், திகதி, கூட இருந்தவர்கள், உடுப்பின் நிறம், செருப்பு, தாயத்து, மோதிரம். பல் தெரியச் சிரிக்கும் படம் இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள்; முன்பற்களை ஒப்பிட அது உதவும். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

இரத்தமோ உமிழ்நீரோ கேட்டு யார் வந்தாலும், அவர் எந்தப் பல்கலைக்கழகமானாலும், கொடுக்க முன் கேளுங்கள். மாதிரியை எங்கே, யார் பொறுப்பில் வைப்பீர்கள்? இந்தத் தேடலுக்கு அன்றி வேறு எதற்கும், பொலிசுக்கோ படைக்கோ, கொடுக்கமாட்டீர்கள் என்பதற்கு எழுத்து உண்டா? நான் வேண்டாம் என்றால் அழிப்பீர்களா? முடிவை எனக்கு யார், எந்த மொழியில், நேரில் வந்து சொல்வார்? நீங்கள் போன பிறகு இந்த வேலையைத் தொடர்பவர் யார்? நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார்.

விசுவமடு அம்மாவிடம் கடந்த ஆண்டு போனேன். இப்போது கல்வீடு. முதலில் என்னை அவருக்கு ஞாபகமில்லை. அந்த அறிக்கையைக் கொண்டுபோய், அவர் போன்றவர்களைப் பற்றிய இரண்டு பக்கத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இதில என்ர பிள்ளையின்ர பல்லு இருக்கோ?” என்றார்.

இல்லை என்றேன். இருவருமாக இருந்து ஒரு கொப்பியில் அதை எழுதினோம். மேல் முன்பல், வலப்பக்கம், பாதி உடைந்தது, பத்து வயதில். அவர் சொல்லச் சொல்ல நான்கு பக்கம் வந்தது. ஒரு பிரதி அவருடைய அலுமாரியில் இருக்கிறது.